பதினான்காம் நாள்

மொட்டுகிரி தீவுக்கு எலி நீந்தி வந்துவிட்டது என்பதற்கு ஒரே சாட்சி, கரையில் கிடந்த நாலு புழுக்கை. டியெக்கே பறவைகள் தரையோரம் முட்டையிடும் தீவு அது. சினை எலி ஒன்று போதும், எல்லாம் காலி. நைரியும் லாக்லனும் மோப்ப நாய் பிப்புடன் பதின்மூன்று நாளாகத் தீவை அலசிவிட்டார்கள். எலியின் வாலைக்கூடக் காணோம்.

எத்தனை நாள் தேடுவதென்று கணக்குப் போட்டவள் நைரி. எலி இருந்தால், ஒரு நாள் தேடலில் அகப்பட ஐந்தில் ஒரு வாய்ப்பு. முதல்முறை அகப்பட எத்தனை நாளாகும் என்பதைச் சொல்வது ஜியோமெட்ரிக் பரவல். தொண்ணூற்றைந்து சதவீத நிச்சயத்துக்கு எத்தனை நாள் என்று 'ஆர்' என்ற கணினி மொழியில் கேட்டாள். பதின்மூன்று என்றது.

மறுநாள் காலை படகு. லாக்லன் மூட்டை கட்டிக்கொண்டிருக்க, அறிக்கைக்காக அதே கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தாள். பதின்மூன்று நாளுக்குத் தொண்ணூற்று நாலரை சதவீதம்தான் வந்தது. மறுபடி போட்டாள். அதேதான். சட்டென்று விளங்கியது.

"லாக்லன், மூட்டையப் பிரி."

"ஏன், படகுக்காரன் வரலையா?"

"ஆர் சொன்ன பதிமூணு, நாம வெறுங்கையோட திரும்புற நாளு. புடிக்கிற நாள அது எண்ணவே எண்ணாது. அதையும் சேத்தா பதினாலு."

"அரை சதவீதத்துக்காக என் பொண்டாட்டி பொறந்தநாள விடச் சொல்றியா?"

"ஆமா."

"அப்ப நீயே அவகிட்ட பேசு. எனக்கு தைரியமில்ல."

நைரி பேசினாள். "கேக் எங்களுக்கு மிச்சம்னு சொல்லு," என்று சிரித்தாள் அவன் மனைவி. படகுக்காரர்தான் வாய்க்கு வந்தபடி திட்டினார்.

மறுநாள் வடக்குச் சரிவில், பத்து மணி இருக்கும், பிப் நின்றது. ஒரு ஹரகெக்கே புதரடியில் மூக்கை வைத்து உடம்பெல்லாம் நடுங்கியது.

"அசையாத," என்றான் லாக்லன். புதரைச் சுற்றி ஒன்பது பொறிகளை வைத்தார்கள். நைரிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாலை நாலு மணிக்குப் பொறி விழுந்தது. பெரிய பெட்டை எலி. வயிற்றில் எட்டுக் குட்டிகள்.

லாக்லன் அவளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். "ஒருவேளை அதிர்ஷ்டமா இருக்கும்," என்றாள் அவள், மூச்சு வாங்க.

"இருந்துட்டுப் போகட்டும். இப்ப என் பொண்டாட்டிக்கு நான் போன் பண்றேன்."