மீனைக் கழுவிய தண்ணீர்

நெடுஞ்சாலை ஓரத்தில் நின்ற எஃகு மீனின் முதுகிலிருந்து கூழைக்கடா எச்சத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தாள் டெல்வீன். இரண்டு ஆள் உயர மீன். அதன் வயிற்றில் வளைந்தோடும் ஆற்றையும், ஆற்றோரம் நடக்கும் கால்தடங்களையும் ஓட்டையாக வெட்டியிருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்பே எஃகு கையைச் சுட்டது. சற்று நேரத்தில் திறப்பு விழா.

"லாரித் தண்ணிய மட்டும் அடி," என்று தண்ணி லாரியின் நிழலில் இருந்து கத்தினான் வாரன். நகரசபையில் அவளுக்கு மேலாள். "ஆத்துத் தண்ணி பட்டா கறை புடிச்சிக்கும்."

"எம்புள்ளைங்க தோல்ல பட்டா மட்டும் பன்னீராக்கும்?"

"காலங்காத்தால ஆரம்பிக்காத, டெல்வீன்."

கரைக்குக் கீழே டார்லிங் ஆறு பச்சைக் குட்டைகளாகத் தேங்கிக் கிடந்தது. மேற்கே இந்த ஊருக்கு வருமுன் பருத்திப் பண்ணைகள் அதை உறிஞ்சிவிடும். மிச்சமிருந்ததில் போன கோடையில் மீன்கள் வெள்ளை வயிற்றோடு மிதந்தன. ஊர்க் குழாயில் வருவதும் அந்தத் தண்ணீர்தான். குடிக்க நல்ல தண்ணீர் லாரி கேட்டு ஊரே போய் நின்றபோது, அனுப்ப வண்டி இல்லை என்றது நகரசபை. மீனுக்கு வண்டி இருந்தது.

கார் வந்து நின்றது. சித்தி மகன் லெஸ்டர் இறங்கி மறுபக்கக் கதவைத் திறந்துவிட, நோரீன் மெல்லக் காலை ஊன்றினாள். டெல்வீனின் கூடப்பிறந்த அக்கா. இடது முழங்கைக்குக் கீழே டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறி நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கக் கூடாதென்று ஒரு பனிக்கட்டித் துண்டை வாயில் அடக்கியிருந்தாள்.

"வா, அக்கா. இளைச்சிட்ட."

"ஆஸ்பத்திரிச் சோறு தின்னா நீயும் இளைப்ப. கொஞ்சம் வந்து தின்னு பாரு, உன் உடம்புக்கும் தேவைதான்."

டெல்வீன் சிரித்தபடி ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள். ஊர் மருத்துவமனையில் இரண்டு டயாலிசிஸ் மெஷின்கள் இருந்தன. தண்ணீர் கெட்டதும் வடிகட்டிகள் அடைத்துக்கொள்ள, அந்த அறையைப் பூட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து நோரீன் மூன்று மணி நேரப் பயணத்துக்கு அப்பால், சுரங்க நகரத்தில் ஒரு விடுதியில் இருக்கிறாள். டெல்வீன் வீட்டில் வளரும் பேரன் பிறந்ததைப் போனில்தான் பார்த்தாள். நாளைக் காலை மறுபடி ஊசி. அதனால் இன்றே திரும்பியாக வேண்டும்.

நோரீன் மீனைச் சுற்றி வந்தாள். கீழே பித்தளைப் பலகையில் எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டுவதுபோல உரக்க வாசித்தாள்.

"'இந்த ஆற்றை விட்டு ஒருபோதும் அகலாத பூர்வகுடி மக்களுக்கு.'" திரும்பித் தங்கையைப் பார்த்தாள். "அப்ப நான் யாருடி?"

டெல்வீன் பிரஷ்ஷை வாளியில் முக்கி மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

விழா ஏற்பாட்டைக் கவனிக்கும் பிலிப்பா கேமராக்காரரோடு வந்தாள். "நோரீன்! நீங்க வந்தது எங்களுக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மீன் மேல கை வச்சு, அப்படியே ஆத்தப் பாத்து நில்லுங்க."

"நிக்கிறேன். அந்த ரெண்டு மெஷினையும் எப்பத் தொறப்பீங்க?"

"அது வேற துறைங்க. இன்னைக்குக் கொண்டாட்டம். அதெல்லாம் இப்ப வேண்டாமே."

"ஆறு செத்துக் கெடக்கு, நான் பாதி செத்தாச்சு. எதைக் கொண்டாடுறீங்க?"

பிலிப்பாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. "முகத்தக் கொஞ்சம் சாந்தமா வச்சுக்குங்க," என்றார் கேமராக்காரர்.

டெல்வீன் பிரஷ்ஷை வாளிக்குள் எறிந்தாள். சாலை வேலைக்கு ஆற்றிலிருந்து தண்ணீர் இழுக்கும் தடித்த குழாய் லாரியின் பக்கவாட்டில் சுருட்டிக் கிடந்தது. அதை இழுத்துக்கொண்டு கரையில் இறங்கி, முனையைக் குட்டைக்குள் அமுக்கினாள். மேலே ஏறி மோட்டாரைத் தட்டி, பீச்சுக்குழாயை மீன் பக்கம் திருப்பினாள். அது இருமியது, பிறகு பச்சையாகக் கக்கியது. மீனின் கண், வயிறு, கால்தடங்கள், பித்தளைப் பலகை எல்லாவற்றிலும் பாசியும் சேறும் வழிந்தன. அழுகல் நாற்றத்தில் பிலிப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கினாள்.

"பைத்தியம் புடிச்சிருச்சா உனக்கு?" வாரன் ஓடிவந்து மோட்டாரை நிறுத்தினான்.

"ஏன், அசிங்கமா இருக்கா? இதுலதான் எம்புள்ளைங்க குளிக்குது. ஒங்க மீனு ஒரு தடவை குளிக்கட்டுமே!"

"சட்டையக் கழட்டு. இனிமே வேலைக்கு வராத."

நகரசபையின் மஞ்சள் மேல்சட்டையை அவள் கழற்றி வால் துடுப்பில் மாட்டினாள். வீட்டில் நான்கு வயிறு என்ற நினைப்பு அப்போதுதான் வந்தது. நோரீன் அவள் தோளைப் பிடித்தாள்.

"வாடி. ஒன்ன வீட்டுல விட்டுட்டுப் போறேன்."

வாரன் போனில் இரைந்துகொண்டிருந்தான். "கழுவியாகணும், சார்! இந்த லாரில இருக்கிற தண்ணி பத்தாது. ஆமா, உடனே."

டெல்வீன் வீட்டு வாசலில் நோரீன் பேரனை மடியில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தாள். கிளம்பும் நேரம் தாண்டியும் லெஸ்டர் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் அவளே பிள்ளையைத் தங்கையிடம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள்.

சாலை முனை வரை டெல்வீன் பிள்ளையை இடுப்பில் வைத்தபடி காரோடு நடந்தாள். கார் நெடுஞ்சாலையில் திரும்பக் காத்து நின்றபோது எதிரிலிருந்து புதுத் தண்ணி லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி பாய்ந்து வந்தது. பின்னால் இன்னொன்று. ஊருக்குள் திரும்பாமல் இரண்டும் நேராக மீனை நோக்கிப் போயின. பின்னால் போனதன் மூடி சரியாக இறுகவில்லை. தெளிந்த தண்ணீர் சாலை நெடுகச் சிந்தி, தாரில் பட்ட இடத்திலேயே ஆவியானது.