தாம்பாளத்தில் பொறுக்கிய விதை

ஜாக்லின் காரை விட்டு இறங்கியதும் யோகேஸ்வரி முதலில் பார்த்தது அவள் கைகளைத்தான். ஒரு கையில் கார் சாவி, இன்னொன்றில் தண்ணீர் போத்தல். விதைப் பை இல்லை. ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாளும் கையுறைத் தொழிற்சாலையில் நின்ற யோகேஸ்வரியின் கால்கள் ஏழாம் நாளும் வலித்தன. வீட்டின் பின்னால் வெறும் கொடிக்குச்சிகள் நின்றன. அவற்றில் ஏறியிருந்த பீன்ஸ் எல்லாம் துரு நோய் விழுந்து, போன மாதமே காய்ந்துவிட்டது. வீட்டிலிருந்த கடைசி விதையும் அதோடு சரி. மிச்சம் என்று ஏதாவது இருந்தால், ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்க்கும் இந்தப் பெண்ணிடம் கொடுத்தனுப்பிய ஒரு கிலோவில்தான் இருக்க வேண்டும்.

குளிர் மலையில் காய்க்கிற பீன்ஸ் இந்தச் சிம்பாங் ரெங்கம் ஊர் வெயிலில் எப்படிக் காய்க்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் போன வருடம் ஜாக்லின் தேடி வந்தாள். யோகேஸ்வரியின் கணவர் வீரமுத்துவின் தாத்தா கொடைக்கானல் பக்கத்திலிருந்து கப்பலேறியபோது மடியில் முடிந்துகொண்டு வந்த விதை என்பது அவர்கள் வீட்டுக் கதை. ஆள் அகப்பட்டால் வீரமுத்து அதை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் சொல்வார். கதையை ஊருக்கே கொடுத்தவர், விதையை மட்டும் ஒருத்தருக்கும் கொடுத்ததில்லை. இப்போது கதையும் இல்லை. வாதம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. பேச்சு போய்விட்டது, வலப்பக்கம் விழுந்துவிட்டது. சம்பாதிப்பது, குளிப்பாட்டுவது, தோட்டம் எல்லாம் யோகேஸ்வரி தலையில். அவளுக்குச் சலித்துத்தான் போயிருந்தது. ஆனாலும் கொடி பூக்கிற நாட்களில் சக்கர நாற்காலியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினால், அவர் முகம் பழைய முகமாகிவிடும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் தனக்கு இன்னும் புருஷன் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றும். அதற்காகவாவது விதை வேண்டும்.

ஜாக்லின் வாசலில் உட்கார்ந்து தேநீரை ஆற்றிக்கொண்டே பரிசோதனை முடிவைச் சொன்னாள். அந்தப் பெரிய சிவப்பு விதையின் பூர்வீகம் தென்னமெரிக்க மலைகளாம். கொடைக்கானலுக்கே அது விருந்தாளியாக வந்ததுதானாம். எங்கிருந்து வந்தால் என்ன, நிலையத்துத் தோட்டத்தில் முளைத்ததா என்று யோகேஸ்வரி கேட்டாள். முளைத்தது, பூத்தது, பிறகு துரு விழுந்தது, ஒரு செடி மிஞ்சவில்லை என்றாள் ஜாக்லின். சொல்லிவிட்டுக் கைப்பேசியை நீட்டினாள். முதல் தடவை வந்தபோது அவள் எடுத்த படம். திறந்த பிஸ்கட் டின், அதில் சிவப்பு விதைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாய்க் கறுப்பு.

“ஆன்ட்டி, இந்தக் கறுப்பு வேற வகை. மெக்சிகோ பக்கத்துது. சிவப்ப அடிக்கிற நோய் இத அவ்ளோ சீக்கிரம் அடிக்காது. அங்கிள் ரெண்டையும் கலந்தே போட்டாரு, அதான் எந்த வருஷமும் தோட்டம் முழுசா போகல. நீங்க குடுத்த பையில ஒன்னுகூட இல்லயே. அதெல்லாம் எங்க?”

யோகேஸ்வரிக்கு அந்த நாள் அப்படியே நினைவில் இருந்தது. ஆபீசுக்குப் போகிற சாமான், கோணலும் மாணலுமாய்க் கொடுத்தால் என்ன நினைப்பார்கள் என்று தாம்பாளத்தில் கொட்டி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து கறுப்பையெல்லாம் பொறுக்கி எடுத்தாள். நல்ல சிவப்பில் பாதி பைக்கு, பாதி தோட்டத்துக்கு. பக்கத்தில் நாற்காலியில் இருந்த வீரமுத்து இடது கையை நீட்டி, பொறுக்கிய கறுப்பை ஒவ்வொன்றாய்த் திரும்பத் தாம்பாளத்தில் போட்டுக்கொண்டே இருந்தார். ஏதோ சத்தமும் போட்டார். புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்து, சின்னப்பிள்ளையை அடக்குவது போல அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டி நாற்காலியைத் தள்ளி வைத்தாள்.

“கொழம்பு வெச்சிட்டேன்மா,” என்றாள். “ரெண்டு பேருந்தான் சாப்பிட்டோம்.”

ஜாக்லின் கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். வேறு யாரிடமாவது இந்த விதை இருக்குமா என்று மட்டும் கேட்டாள். யோகேஸ்வரி இல்லை என்று தலையாட்டினாள். கார் போன பிறகும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றாள். அந்தக் கையைத் தட்டியதுதான் நெஞ்சை அறுத்தது.

மணி ஒன்றாகியிருந்தது. சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள். அவர் விழித்துத்தான் இருந்தார். வாசலில் பேசியது காதில் விழுந்ததோ என்னவோ. சொல்லாமல் விடலாம் என்றுதான் நினைத்தாள், முடியவில்லை.

“என்னங்க, அந்தக் கறுப்பு வெததான் வேணுமாம். நீங்க சொன்னீங்க. எனக்குத்தான் புரியல.”

வீரமுத்து அவளையே பார்த்தார். பிறகு மெல்ல, அந்தக் கழுத்து எவ்வளவு திரும்புமோ அவ்வளவு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் கட்டில் ஓரத்தில் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். எடுத்த கவளத்தை வைக்கவும் மனமில்லாமல் கையிலேயே வைத்திருந்தாள். மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. விரல்களில் ஒட்டிய சோறு ஒவ்வொரு பருக்கையாய்க் காய்ந்துகொண்டிருந்தது.