கையால் வரைந்த மூன்றாவது கட்டம்

1

இக்கதை ஒரு வானொலி ஊமையானதில் பிறந்தது. முழங்கால் வலியோடு வீட்டில் படுத்திருந்தேன். மருந்தகத்தில் எனக்கு இருபத்து நான்காம் எண். இருபத்திரண்டு வரை ஒழுங்காக அழைத்த என் வானொலிப் பெட்டி, நெடுநேரம் கழித்து இருபத்து மூன்றை அழைத்து, அத்தோடு வாய் மூடிக்கொண்டது. மருந்தகத்துக்கு எதிரே கடை வைத்து, அந்த எண்களை வானொலியில் அழைக்கும் தையல்காரம்மாவிடம் மறுநாள் கேட்டறிந்ததை எழுதுகிறேன், அறியாததைப் புனைகிறேன்.

முதல் தொடக்கம்: "வான்வெளி இறைவனின் திருமேனி, ஒலியோ அதன் பண்பு, ஆதலின் மாந்தர் குரலுக்கு உரிமம் கேட்பது—"

[அடித்துவிட்டேன். தொழுவதற்கு உகந்த வாக்கியம். ஆனால் அதில் ஒரு தையல் எந்திரம்கூட இல்லை.]

2

தையற்கடை மாடிப்படியின் கீழே, நூற்கண்டுப் பெட்டிக்குள் அடங்கும் ஓர் ஒலிபரப்பி. நான்கு தெரு தாண்டினால் கேட்காது. எதிர்ப்புற மருந்தகத்தின் சன்னலில் தையல்காரம்மாவின் தம்பி, கம்பவுண்டர், எண் எழுதிய அட்டையைத் தூக்கிக் காட்டுவான். எந்திரத்தை மிதித்தபடியே அவள் அதை ஒலிபரப்புவாள். நோயாளிகள் வீட்டு வானொலியில் கேட்டுத் தம் எண்ணுக்கு வரலாம்; பெஞ்சில் காய வேண்டியதில்லை. உரிமம் கேட்டு மும்முறை விண்ணப்பித்தாள். இத்துணைச் சிறிய நிலையத்துக்கு விதியில் இடமே இல்லையென்று மும்முறையும் பதில் வந்தது.

(* தம்பியை முதல் வரைவில் சோம்பேறியாகப் படைத்திருந்தேன். நாள் முழுதும் அட்டை தூக்குபவனை அப்படிச் சொல்வது அடாது.)

3

ஆம்புலன்ஸ்காரர்களின் புகாரோடும் ஒரு நோட்டீஸோடும் அலைவரிசைத் துறை ஆய்வாளர் வந்தார். அவருடைய வண்டியைக் கண்டதுமே அவள் விசையை அணைத்துவிட்டாள். சட்டத்துக்கு அஞ்சியவள் செய்த பிழை அது: ஒலிபரப்பு இல்லாமல் அவர் எதை அளப்பார்? கருவியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். எதிரே தம்பி இருபத்து மூன்றைத் தூக்கித் தூக்கிக் கை சலித்தான்.

"போடுங்கம்மா, அளக்கணும்."

"போட்டா குத்தம்னு நோட்டீஸ்ல நீங்கதானே எழுதியிருக்கீங்க சார்?"

"அளந்தாத்தானே குத்தமா இல்லையான்னு தெரியும்."

"பூட்ட வந்தவரே தொறக்கச் சொல்றாரு," என்று முணுமுணுத்துக்கொண்டே விசையைப் போட்டாள்; இருபத்து மூன்றை அழைத்தாள். கருவித் திரையில் ஒரு கோடு எழ வேண்டியிருக்க, இரண்டு எழுந்தன.

"உங்க குரலோட நிழல் ஒண்ணு ஆம்புலன்ஸ் வயர்லெஸ்ல போய் விழுதும்மா."

மிதித்துக்கொண்டிருந்த கால் நின்றது. நோயாளிக்கு உதவுவதாய் எண்ணிய குரல், எவரோ ஒருவருக்குப் போன உயிர்ச்செய்தியை மறித்திருக்கலாம். தெருவெங்கும் வீடுகளில் தம் எண்ணுக்காகக் காத்துப் படுத்திருப்பவர்களை நினைத்தாள். ஆம்புலன்ஸில் கிடப்பவரையும் நினைத்தாள்.

"அப்ப நானே அணைச்சிடறேன்."

அணைத்தாள்.

4

முடிவு அ: ஆய்வாளர் ஒலிபரப்பியைத் தூக்கிச் செல்கிறார்.

[எழுத வரவில்லை. அவள் தானாக அணைத்ததை அவர் கண்டார் அல்லவா?]

முடிவு ஆ: மனம் உருகி, மன்னித்து—

[அடியார் வரலாற்றில் பொருந்தும். ஆம்புலன்ஸில் கிடப்பவர் ஒப்பார்.]

நடந்தது இது. அவர் தம் பையிலிருந்து, அந்த நிழல் அலையைத் தடுக்கும் விரலளவு வடிகட்டி ஒன்றை எடுத்து ஒலிபரப்பியில் பொருத்தினார். பேச வேண்டாமென்று சொல்லி, ஒரு நொடி விசையைப் போட்டுப் பார்த்தார். ஒரே கோடு. படிவத்தில் இரண்டு கட்டங்களே இருந்தன: 'பறிமுதல்', 'குற்றமில்லை'. அவளுடைய அளவுகோலைக் கேட்டு வாங்கி, மூன்றாவதாக ஒன்று வரைந்து எழுதினார்: 'சிறு நிலையம். அளந்து, திருத்தி, அனுமதிக்கத் தக்கது.'

"மேல ஒத்துக்குவாங்களா சார்?"

"கட்டமே இல்லாததாலதான் இதுவரைக்கும் யாரும் டிக் பண்ணலம்மா. இப்ப இருக்கே."

வானுக்கு வேலி கூடாதென்று வாதிடவே எழுதுகோலை எடுத்தேன். இப்போது வரப்பு வேண்டும் என்கிறேன்: அடுத்த வயலுக்குள் நீர் பாயாமல் தடுத்து, ஒரு சிறு பாத்திக்கும் அதன் பங்கை விடுகிற வரப்பு.

5

கோப்பு மேலதிகாரியின் மேசையில் இருக்கிறது; அவர் ஒப்பும்வரை விசை அணைந்தே இருக்கும். அங்கே என் கை எட்டாது. ஆகையால், வாசகரே, அந்த நாற்காலியில் உங்களை அமர்த்துகிறேன். படிவம் உங்கள் முன் விரிந்திருக்கிறது. மூன்றாவது கட்டத்தின் கோடுகள் சற்றும் கோணவில்லை. வடிகட்டி பொருத்தியாயிற்று. சன்னலில் தம்பி அட்டையோடு நிற்கிறான். அவள் கை விசையருகே இருக்கிறது.

இன்று என் எண் முப்பத்தொன்று. வானொலிப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்துப் படுத்திருக்கிறேன்.