வெட்டுப்பட்ட வரி

மொன்றியல் நகரில் விறகுக்குத் தடை வருவதற்கு முந்திய ஒரு நாள், காற்று மாசை அளக்கும் அஜிதாவின் கருவியில் எண் எல்லையைத் தாண்டியிருந்தது. கடுங்குளிர், காற்று அசையவில்லை, ஊர் முழுக்க விறகுப் புகை. "விறகு எரிக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே விடாதீர்கள்" என்று எச்சரிக்கை எழுதிக் கொடுத்தாள். சட்டம் தடுக்காததை நாம் தடுத்தால் சனம் சீறும் என்று மேலதிகாரி முதல் வரியை வெட்டினார். நாசமாய்ப் போவான்! மிச்சத்தை வானொலி வாசித்தது. பின்னேரம் புகை இன்னும் ஏறியிருந்தது.

பகலில் மகனைப் பார்த்துக்கொள்ளும் கத்தரின் அன்ரியின் வீட்டுக்கு, வில்லரே பகுதிக்கு, ஓடினாள். கணப்படுப்பு கொழுந்துவிட்டு எரிந்தது. அதன் பக்கத்தில் மகன் இழுத்து இழுத்து மூச்சு விட்டான்.

"ரேடியோவில சொன்னபடியே வெளியில விடேல்லை, அஜிதா," என்றார் அன்ரி. "குளிருமெண்டு காலமையிலிருந்து விறகு அள்ளிப் போடுறன். என்ன செய்தும் இழுப்புத்தான் நிக்குதில்லை."