கறுப்புப் பெட்டி, வெள்ளிப் பெட்டி

"நாங்க நாயனம் கேக்கிற ஆளுக. அதுக்குத் தக்கன பெட்டி எதுன்னு பாத்து எடுத்துக் குடு" என்று என் வீட்டுக்காரர் சொன்னார். தென்காசியில், சேக் தாவூது அண்ணன் வீட்டுக் கூடத்தில், அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அந்த 'நாங்க'வுக்குள் நான் எங்கே இருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். எங்கேயும் இல்லை.

எதிரே மேசையில் இரண்டு சிடி பிளேயர்கள் இருந்தன. ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளி நிறம். தாவூது அண்ணன் என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். சிங்கப்பூரில் ரேடியோக் கடை வைத்திருந்துவிட்டு, போன வருஷம்தான் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்தார். வரும்போது துணிமணியைவிட இந்தச் சாமான்களைத்தான் அதிகம் கொண்டுவந்தார் என்று அவர் மனைவி என்னிடம் புலம்பியிருக்கிறாள். எண்பத்தேழில் எங்கள் பக்கம் சிடி என்றால் அது என்னவென்று கேட்பவர்கள்தான் உண்டு. சின்ன தோசை அகலத்துக்கு ஒரு தட்டு, கண்ணாடி மாதிரி மின்னும். ஊசி கிடையாது, கீறல் சத்தம் கிடையாது. "ரெண்டும் ஒசத்தியான சரக்கு. எனக்கு எதுக்குலே ரெண்டு? ஒண்ணை நீ எடுத்துக்க" என்று அண்ணன் சொன்னதிலிருந்து என் வீட்டுக்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. இன்ஸ்பெக்டர் பரமசிவன் வீட்டில் குற்றாலத்திலேயே முதல் சிடி பிளேயர் என்று ஊர் பேச வேண்டாமா?

எனக்கு அந்தப் பெட்டியில் அக்கறை இல்லை. அது எங்கள் வீட்டுக்கு வந்து பாடும்போது நான் அங்கே இருக்கப் போவதில்லை. கோயம்புத்தூரில் இருக்கிற மகள் பேச்சியம்மாள், "நீ எங்கூட வந்து இரும்மா" என்று ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போடும்போது இவரிடம் சொல்லிவிட்டேன். "நான் பேச்சி வீட்டுக்குப் போறேன். இனி அங்கனயே இருந்துருதேன்." எத்தனையோ நாள் மனசுக்குள் சொல்லிப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது. இவர் இலையிலிருந்து தலையைத் தூக்காமல் "சரி" என்றார். பிறகு, "ரசம் ஊத்து" என்றார்.

அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால்கூட ஆறியிருப்பேன். ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஒருவேளை போகாமலே இருந்திருப்பேன். அன்றைக்கே கட்டிலுக்கு அடியிலிருந்து டிரங்குப் பெட்டியை இழுத்துத் துடைத்து, நாலு சேலையை எடுத்து வைத்தேன்.

இவர் இப்படி ஆகிப் பல வருஷமாகிறது. கேட்டதற்குப் பதில் வராது. வந்தாலும் 'ம்', 'சரி', 'பாப்போம்', இந்த மூன்றில் ஒன்றுதான். போலீஸ் உத்தியோகம் பார்த்த மனுஷர், வீட்டுப் பொம்பளை பேச்சை எதற்கு மதிக்க வேண்டும் என்று நினைக்கிறார், நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எங்கள் வீடு அருவிக்குப் போகிற பாதையில் இருக்கிறது. ஆனி பிறந்து சாரல் கட்டி அருவி விழ ஆரம்பித்துவிட்டால் அந்தத் தெருவில் யாரும் யாரிடமும் ரகசியம் பேச முடியாது. பால்காரனிலிருந்து பூசாரி வரைக்கும் கத்தித்தான் பேசுவோம். வெளியூர்க்காரர்கள் நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நின்று பார்ப்பார்கள். அந்த மாதங்களில் இவர் என்னோடு நன்றாகத்தான் இருப்பார், பேசுவார், சிரிப்பார். அருவி வற்றிய பிறகுதான் ஊமைச்சாமி ஆகிவிடுவார். இப்போது சித்திரை. அருவி பாறையில் கண்ணீர் மாதிரி கசிந்துகொண்டிருந்தது, வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்டது. இவர் வாயைத் திறந்து என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசி ஒரு மாதம் ஆகியிருக்கும்.

"பெட்டியைப் பாத்து எடுக்கக் கூடாதுலே. கேட்டுத்தான் எடுக்கணும்" என்றார் தாவூது அண்ணன். "கறுப்பு கணீர்னு பேசும். வெள்ளி பதவிசாப் பேசும். என்ன பாட்டு கேக்கோமோ அதுக்குத் தக்கன எடுக்கணும்." அப்புறம் என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி, ஒனக்கு என்ன பிடிக்கும்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. அடுப்படியில் ரேடியோவைச் சின்னதாக வைத்துக்கொண்டு, தாளிக்கிற கையை நிறுத்திவிட்டு நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "வீணை அண்ணே" என்றேன்.

"சரி சரி" என்றார் என் வீட்டுக்காரர். "அவளும் சொல்லிட்டா. அப்ப நாயனமே போடு."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாவூது அண்ணன் இவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, கறுப்புப் பெட்டியில் நாயனத்தைப் போட்டார். நாதஸ்வரமும் தவிலும் கூடத்தை நிறைத்தன. கைத்தாளம் நறுக்கு நறுக்கென்று காதில் குத்தியது, எனக்குப் பல் கூசியது. இவர் தொடையில் தட்டி ரசித்தார். அதே தட்டை வெள்ளிப் பெட்டிக்கு மாற்றினார் அண்ணன். இப்போது எல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. கைத்தாளம் ஓரமாக, சுத்தமாக, ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்டது.

"ஏலே, இது சரியில்லையே" என்றார் இவர். "கைத்தாளத்தையே காணோம்."

நானும் அண்ணனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அண்ணன் தட்டை மாற்றினார். வீணை. தூரத்தில் யாரோ நடந்து வருகிற மாதிரி மெதுவாகத் தொடங்கியது. நான் கண்ணை மூடப் போனேன்.

"போட்டுட்டியா? எப்பம் ஆரம்பிக்கும்?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

மூடப் போன கண் திறந்துகொண்டது. சற்று முன்பு சொன்ன 'சரி'யும், ஞாயிற்றுக்கிழமை சொன்ன 'சரி'யும் ஒரே 'சரி' என்று அப்போதுதான் உறைத்தது. மனுஷருக்குக் காது கேட்கவில்லை. நான் சொன்னது எதுவும் அவரிடம் போய்ச் சேரவே இல்லை. சாரல் காலத்தில் ஊரே கத்துவதால் தப்பித்துக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை, கோபம்தான். இத்தனை வருஷம் நான் அழுத அழுகையெல்லாம் யார் கணக்கு? அப்புறம்தான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. போலீஸ் பள்ளிக்கூடத்தில் புதுப் பையன்களுக்குத் துப்பாக்கி சுடச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் இடது காதுக்குள் வண்டு கத்துகிறது என்று விரலை விட்டு ஆட்டுவார். நானோ, மணவறையில் எந்தப் பக்கம் உட்கார வைத்தார்களோ அந்தப் பக்கத்தை விட்டதே இல்லை. பந்தியில், பஸ்ஸில், கட்டிலில், எங்கேயும் இடப்பக்கம்தான். என் பேச்சு முழுக்க அந்தச் செத்த காதில்தான் போய் விழுந்திருக்கிறது.

தாவூது அண்ணன் ஒன்றும் தெரியாதவர் மாதிரி எழுந்து போய் ஒரு ஹெட்போனைக் கொண்டுவந்து வெள்ளிப் பெட்டியில் சொருகினார். "இதுக்கு இப்பிடியும் ஒரு வசதி உண்டு, போட்டுப் பாரு" என்று இவர் தலையில் மாட்டினார். மறுபடியும் நாயனத்தைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். கூடம் அமைதியாக இருந்தது. இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சும்மா இருந்தார். அப்புறம் புருவம் ஏறியது. வலது கை ஆட்காட்டி விரல் தானாக எழுந்து கைத்தாளத்தோடு சேர்ந்து ஆடியது. அப்படியே நின்றுவிட்டது. ரொம்ப நேரம் அந்த விரலை இறக்காமல் இருந்தார்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"இது மொதல்லயும் இருந்துச்சா தாவூது?"

"இருந்துச்சுலே."

இவர் என்னைப் பார்க்கவில்லை. ஹெட்போனின் வயரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். "எந்தப் பெட்டின்னு அவகிட்ட கேளு" என்றார் கடைசியில். எப்போதும் இல்லாத மாதிரி சின்னக் குரலில் சொன்னார். நான் வெள்ளிப் பெட்டியைக் காட்டினேன். தெரிந்த பையன் ஒருத்தனிடம் சொல்லி நாளைக்கு வேனில் அனுப்பி வைப்பதாக அண்ணன் சொன்னார். அவர் மனைவி கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வந்தோம். குற்றாலம் பஸ் நின்றுகொண்டிருந்தது, டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார். பஸ் நிழலில் நின்றோம். பழக்க தோஷத்தில் நான் இடப்பக்கம் நின்றிருந்தேன்.

"ஏட்டி வள்ளி" என்றார். "கேக்கலன்னு சொல்லுததுக்கு வெக்கமா இருக்கும். அதான் எல்லாத்துக்கும் சரின்னுருவேன்." அப்புறம், "அன்னைக்கு ஞாயித்துக்கெழம சோறு திங்கும்போது என்னமோ சொன்னியே. ஒன் மூஞ்சியப் பாத்தா பெரிய விஷயம் மாதிரி இருந்துச்சு. அன்னையிலயிருந்து கேக்கணும் கேக்கணும்னு இருக்கேன். என்ன சொன்ன?"

துடைத்து வைத்த பெட்டியும் மடித்து வைத்த நாலு சேலையும் கண்முன் வந்து நின்றன. ஞாயிற்றுக்கிழமை சொன்ன வார்த்தை அப்படியே வாயில் இருந்தது. அதைச் சொல்வதா, வேறு ஒன்றைச் சொல்வதா என்று எனக்கே தெரியவில்லை. எதைச் சொன்னாலும் இந்தத் தடவை அது கேட்டுவிடும்.

அவருக்குப் பின்னால் சுற்றிப் போய் வலப்பக்கம் நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்திலிருந்து அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை போலிருந்தது. காதோரம் நரை கூடியிருந்தது.

அந்த வழியாக வந்த கான்ஸ்டபிள் ஒருத்தன் இவரைப் பார்த்ததும் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான். அவனை இவர் கவனிக்கவில்லை. இவரைத் தெரிந்தவர்கள் நாலு பேர் நின்றிருந்த அந்த பஸ் ஸ்டாண்டில், வலது கையைக் குவித்துக் காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, என் உயரத்துக்குக் குனிந்து நின்றார். கண்டக்டர் விசில் ஊதினார், கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு ஏறியது. அந்தக் கையை அவர் எடுக்கவில்லை.