பன்னிரண்டு மணிக்குத் திருப்பவில்லை

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், கடிகாரம் பார்க்கத் தெரிந்தால் போதும். பெரியவர் வீட்டில் அறைக்கு ஒரு கடிகாரம் இருந்தது. பார்க்கத்தான் ஆள் இல்லை.

பெரியவர் என்றால் போதகர். நாற்பது வருஷம் மேடையில் முழங்கியவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்த பிறகு அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். வீட்டில் என்னை நர்ஸம்மா என்பார்கள். நான் நர்ஸ் இல்லை. திருத்திப் பார்த்து அலுத்துவிட்டேன். வந்த முதல் நாளே பெரியவர் தான் எழுதிய புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கடவுள் எப்படி மனித உடம்பெடுத்தார் என்று அறுநூறு பக்கம். நான் மூன்று பக்கம் படித்தேன். அதில் ஒன்று அச்சகத்தின் முகவரி.

நான் வந்தபோது முதுகுத்தண்டு முடியும் இடத்தில் என் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண். அறுநூறு பக்கம் எழுதியவரின் பிள்ளைக்கு அப்பாவைப் புரட்டிப் பார்க்கத் தோன்றவில்லை. பதினோரு வாரம் கழுவி, மருந்து வைத்து, நேரம் தவறாமல் திருப்பினேன். சுவரில் ஒரு தாள் ஒட்டி, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் என்று எழுதி வைத்தேன். போன வாரம்தான் புண் மூடி, வெங்காயச் சருகு மாதிரி புதுத் தோல் வந்திருந்தது. வாரம் ஒருமுறை வரும் ஆஸ்பத்திரி நர்ஸ் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நல்லா வந்திருக்கு. ஆனா இந்த வயசுல இன்னொரு தடவை திறந்தா மூடாது. அதோட போக வேண்டியதுதான்.”

இந்த நேரத்தில்தான் மகனுக்கு அந்த யோசனை வந்தது.

பெரியவருக்கு ஒரு தம்பி. பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வேறொரு கூட்டத்தில் சேர்ந்துவிட்டார். இயேசு நல்ல மனிதர், கடவுள் அனுப்பிய ஆள், ஆனால் கடவுள் இல்லை என்பது அவர்கள் கட்சி. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது. அப்பா இருக்கும்போதே இருவரையும் உட்கார வைத்து விவாதம் நடத்தி, படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்றான் மகன். அப்பாவின் கால் நகம் கடைசியாக எப்போது வெட்டப்பட்டது என்று கேட்டால் தெரியாது. குரல் மட்டும் சந்ததிக்கு வேண்டுமாம்.

பத்து மணிக்கு ஆரம்பம். சின்னவர் தன் கூட்டத்து ஆட்கள் இருவரோடு வந்தார். பெரியவர் பக்கம் சபை மூப்பர்கள் இருவர். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, பெரியவருக்கு வெள்ளைச் சட்டை மாட்டி, சாய்த்து உட்கார வைத்தார்கள்.

“சார், இப்படிச் சாய்ச்சு வச்சா உடம்பு கீழ வழுக்கும். தோல் மெத்தையோட ஒட்டிக்கிட்டு நிக்கும். புண்ணு கிழிஞ்சிடும்” என்றேன்.

“படுத்துக்கிட்டே பேசினா படத்துல நல்லாவா இருக்கும்? கொஞ்ச நேரம்தானே” என்றான் மகன்.

பேச்சு கதவுக்கு வெளியே எனக்கு நன்றாகக் கேட்டது. கடவுளுக்குத் தூக்கம் வருமா, இயேசு படகில் ஏன் தூங்கினார் என்றார் சின்னவர். கடவுள் என்றால் யாரிடம் ஜெபம் செய்தார், தன்னிடமேவா என்றார். பெரியவர் விடவில்லை. “சட்டை மாட்டுற மாதிரி அவர் உடம்பை மாட்டிக்கலடா. உடம்பாவே ஆனார். நம்ம வலி, நம்ம பசி, எல்லாமே அவருதுதான். அதில்லாம நமக்கு மீட்பு ஏது?” மூப்பர்கள் ஆமென் போட்டார்கள். சின்னவரின் ஆட்கள் இருமினார்கள். வயசு எழுபதைத் தொட்டவர்கள், கோலிக்குச் சண்டை போடுகிற பையன்கள் மாதிரி.

பன்னிரண்டுக்குக் கதவைத் திறந்தேன். மகன் விரலை உதட்டில் வைத்தான். நான் அவனைப் பார்க்கவில்லை, பெரியவரைப் பார்த்தேன். அவர் நல்ல கையை லேசாக ஆட்டி, அப்புறம் என்றார். பன்னிரண்டரைக்குப் போனேன். மறுபடி அதே கை. ஒரு மணிக்குப் போனபோது அறையில் வாடை வந்துவிட்டது. எனக்குப் பழகிய வாடை. எல்லார் மூக்கும் சுருங்கியிருந்தது, ஆனால் ஒரு வாயும் திறக்கவில்லை. மகன் மூலையில் வாசனைத் திரவியம் அடித்துக்கொண்டிருந்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அந்தக் குடும்பத்துக்கே உண்டு.

“ஐயா, மாத்திடலாமா?” என்று கேட்டேன்.

“ஒண்ணுமில்ல. எனக்கு ஒண்ணும் வேணாம். போ” என்றார் பெரியவர். முகம் சிவந்திருந்தது.

சின்னவர் அதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் நகர்ந்தார். “அண்ணா, உடம்பாவே ஆனார்னீங்க. எந்த உடம்பு? இந்த உடம்பா? உங்க கடவுளுக்கு வயிறு கழிஞ்சுதா? படுக்கை நனைஞ்சுதா? சொல்லுங்க.”

அறுநூறு பக்கம் எழுதியவர் மெத்தையைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். “அசிங்கமா பேசாதே. அவர் அதுக்கெல்லாம் மேல” என்றார்.

“அப்ப சட்டைதானே அண்ணா!” என்று தொடையில் தட்டினார் சின்னவர்.

அவ்வளவுதான். மூப்பர்கள் எழுந்து கத்தினார்கள். மகன் கேமராவை அணைத்தான். ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் ஒரே வேகத்தில், மூக்கைப் பொத்திக்கொண்டு, சாப்பாட்டு மேசைக்குப் போனார்கள்.

ஒரு பக்கம் பிடிக்க ஆள் வேண்டும். மகனைக் கூப்பிட்டேன். “எனக்கு மயக்கம் வந்துடும், நீங்களே பாருங்க” என்றான். சின்னவரைக் கூப்பிட்டேன். “அண்ணனுக்குக் கூச்சமா இருக்கும்மா” என்றார். என்ன கரிசனம்! மூப்பர்களைக் கூப்பிடவே இல்லை. அவர்கள் தட்டு நிறைந்திருந்தது.

கதவைச் சாத்தி, கட்டிலைத் தாழ்த்தி, விரிப்பைப் பிடித்து இழுத்துத் தனியாளாகத் திருப்பினேன். புதுத் தோல் டயாபரோடு வந்தது. அடியில் ரத்தம். எனக்கு அழுகை வந்தது. துக்கமில்லை, எரிச்சல். பதினோரு வார வேலையை ஆறு வாய்கள் மூன்று மணி நேரத்தில் தின்றுவிட்டன.

“திறந்துடுச்சா?” என்றார் பெரியவர், சுவரைப் பார்த்தபடி.

“திறந்துடுச்சு.”

“நீ வந்தே.”

“வந்தேன். நீங்கதான் போன்னீங்க.”

“தம்பிக்கு முன்னால எப்படிம்மா...”

“ஏன்? சின்ன வயசுல அவருக்கு நீங்க கழுவி விட்டதில்லையா?”

“விட்டிருக்கேன். அம்மா வேலைக்குப் போயிடுவாங்க.”

“உங்க கடவுளுக்கு யாரு கழுவி விட்டது?”

“அவங்கம்மாதான்.”

“அந்தம்மாகிட்ட, நான் இதுக்கெல்லாம் மேல, வேணாம் போன்னு சொல்லியிருப்பாரா?”

இதை யோசித்து ஒன்றும் நான் கேட்கவில்லை. கோபத்தில் வாய்க்கு வந்தது. நான் புண்ணைக் கழுவி, மருந்துத் துணி வைத்து, துடைத்து, விரிப்பு மாற்றினேன். பிறகு சுவர்த் தாளில் எழுதினேன்: பன்னிரண்டு மணி, திருப்பவில்லை.

சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டே மகன் எட்டிப் பார்த்தான். “அதை எழுதாதீங்க. நாளைக்கு அந்த நர்ஸ் வந்து பார்ப்பாங்க. திருப்பினேன்னு எழுதிடுங்க.”

“அப்ப புண்ணு எப்படித் திறந்துச்சுன்னு கேட்டா?”

“நீங்க மறந்துட்டீங்கன்னு சொல்லிடுங்க. உங்களை யாரு கேக்கப் போறா?”

நல்ல பிள்ளை. கை துடைக்கும்போதே பழியையும் துடைத்துவிட்டான்.

“அந்தத் தாளை எடு. பேனாவும்” என்றார் பெரியவர். குரல் மேடைக்குரல் இல்லை.

“அப்பா, நீங்க ரெஸ்ட் எடுங்க.”

“உன்னைச் சொல்லல.”

நான் தாளைப் பிய்த்து, அட்டை வைத்துப் பிடித்தேன். பக்கவாட்டில் கிடந்தபடியே எழுதினார். மகன் கேமராவைத் தொடவில்லை.

மூன்று முறை வந்தாள். மூன்று முறையும் நான்தான் அனுப்பினேன். வெட்கம்.

கீழே, எனக்குக் கொடுத்த புத்தகத்தில் போட்ட அதே கையெழுத்து. அவர் எழுதியதில் நான் கடைசிவரை படித்தது இது ஒன்றைத்தான்.