விடுமுறையில் இருக்கும் மிஸ்ஸி

சின்னமலைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஸல்மா வந்த அன்று பிள்ளைக்காம்பராவில் பதினெட்டுக் குழந்தைகள் இருந்தார்கள். தாய்மார் கொழுந்து எடுக்க மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் ஒற்றை அறைக் கட்டடம் அது. ஸல்மா தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒவ்வொரு குழந்தையின் மேல்கையையும் ஒரு நாடாவால் சுற்றி அளந்தாள். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட நாடா; சிவப்பில் நின்றால் சத்துக்குறைவு கடுமை. ஏழு குழந்தைகளுக்கு அது மஞ்சளில் நின்றது. இரண்டு குழந்தைகளுக்குச் சிவப்பில்.

ஸல்மா பண்டாரவளைக்காரி. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் ஒன்றின் ஊவா அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவளைத் தோட்டத்துக்கு வரவழைத்தவன் பிரதேச சபையின் எதிர்க்கட்சி உறுப்பினன் கமலதாசன். எட்டு மாதமாக விடாமல் கடிதம் எழுதியிருந்தான்.

அரசியலுக்கு வருமுன் அவன் லுணுகலையில் ஒரு பார்மசியில் பதினோரு வருடம் மருந்து எடுத்துக் கொடுத்தவன். டொக்டர் பத்து நாளைக்கு எழுதியதை மூன்று நாளைக்கு மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்களை அவனுக்கு முகம் முகமாகத் தெரியும். இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் அந்த மூன்று நாளைக்கான மருந்தும் இல்லாமல் போனது. வெறும் தட்டுகளுக்கு முன்னால் நின்று "இல்லீங்க, இல்லீங்க" என்று சொல்லிச் சொல்லிக் களைத்த ஒரு நாளில்தான் அவன் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்தான். அவன் கட்சி தோற்றது. அவன் மட்டும் எப்படியோ வென்றான்.

ஸல்மா நாடாவைச் சுருட்டினாள். "நீங்க எழுதினது சரிதான் அண்ணே. சத்துமா, முட்டை, பால்மா எல்லாம் ஒரு வருஷத்துக்குக் குடுக்க ஏலும். ஆனா ஒரு விஷயம் இருக்கு."

"சொல்லுங்க."

"அரசாங்க மிட்வைஃப் ஒருத்தர் மாசா மாசம் நிறை பாத்து வளர்ச்சிக் கார்ட்ல புள்ளி வைக்கணும். அது இல்லாம மேலிடத்துல ஒத்துக்க மாட்டாங்க. ஏப்ரலுக்குள்ள ஆள் வந்துட்டா, மே மாசம் தொடங்கலாம். இங்க இப்ப யாரு இருக்காங்க?"

கமலதாசன் வாசலைப் பார்த்தான். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சரோஜினிதான் சொன்னாள். "நம்ம மெம்பர் வீட்டுக்காரவங்கதாங்க மிஸ்ஸி. வெளிநாடு போயிட்டாங்க. அதுக்கப்புறம் யாரும் வரல."

கமலதாசனின் மனைவி நிசாந்தினி சைப்ரஸ் போய் மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. அரசாங்க ஊழியர்கள் சம்பளமில்லாத விடுமுறை எடுத்துக்கொண்டு ஐந்து வருடம் வெளிநாட்டில் வேலை செய்யலாம் என்று அப்போது சுற்றுநிருபம் வந்திருந்தது. வீடு கூரையில்லாமல் சுவரோடு நின்றது. "கூரையப் போட்டுட்டு, அப்புறம் புள்ளையப் பத்தி யோசிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். லிமசோல் நகரத்தில் படுக்கையிலிருக்கும் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிழவி உறங்குவாள். இங்கே மாலை ஐந்தரை ஆகியிருக்கும். அந்த அரை மணி நேரம்தான் அவர்களுடைய குடும்ப வாழ்க்கை.

கூரை போட்டு ஒரு வருடமாகிறது. அந்தக் கூரைக்குக் கீழே அவள் ஒரு நாளும் தூங்கியதில்லை.

அடுத்த சபைக் கூட்டத்தில் கமலதாசன் எழுந்து பேசினான். சின்னமலையிலும் அதன் மேற்பிரிவிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை, யாருக்கு எவ்வளவு நிறை குறைவு, மூன்று வருடமாக எந்தக் கார்டிலும் ஒரு புள்ளிகூட வைக்கப்படவில்லை என்பதையெல்லாம் சிங்களத்திலும் தமிழிலும் சொன்னான். வெளியிலிருந்து உதவி வாசல்வரை வந்து நிற்கிறது, ஒரு மருத்துவமாது இல்லாமல் அது திரும்பிப் போகப் போகிறது என்றான்.

ஆளுங்கட்சி வரிசையில் ஒருவர் எழுந்தார். "மெம்பர் கேட்பது நியாயம். ஆனால் அங்கே வெற்றிடமே இல்லையே. மிஸ்ஸி விடுமுறையில் இருக்கிறார். அவர் மெம்பருடைய வீட்டு மிஸ்ஸிதானே? ஒரு டெலிபோன் போட்டுக் கூப்பிடலாமே."

சபை சிரித்தது. கமலதாசனுடைய கட்சிக்காரர் ஒருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். கமலதாசன் உட்கார்ந்தான். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை என்பதுதான் அவனைச் சுட்டது.

மறுநாள் பதுளைக்குப் போனான். சுகாதாரக் காரியாலயத்தில் ஆளணிக் கோப்புகளைப் பார்ப்பவர் தர்மராசா, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற இரண்டு வருடமிருந்தது. கோப்பை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு படித்தார்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. அவ லீவில நிக்கிறா. அடுத்த வருசம் ஒக்டோபர் வரைக்கும் அந்த இடம் அவவின்ர இடம். அதில வேற ஆளைப் போட ஏலாது."

"தற்காலிகமா யாரையாச்சும் அனுப்ப முடியாதுங்களா ஐயா?"

"பக்கத்துப் பிரிவு மிட்வைஃப் பிள்ளைக்கே நாலு தோட்டம். அவவுக்கு எங்க நேரம்?" தர்மராசா கோப்பை மூடினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஒரு வழிதான் இருக்கு. அவ விலகல் கடிதம் தந்தா, அடுத்த நியமனப் பட்டியலில சின்னமலையை முதலாவதாப் போட நான் எழுதுவன். ஆனா தந்தாப் பிறகு திரும்பி வந்து கேக்க ஏலாது. விளங்குதோ?"

"விளங்குதுங்க."

விளங்கியதை வைத்துக்கொண்டு அவன் மூன்று வாரம் நடமாடினான். தினமும் ஐந்தரைக்கு அவள் பேசினாள். கிழவிக்கு மகள் வாங்கிவந்த புதுச் சக்கர நாற்காலி, பால்கனியிலிருந்து தெரியும் கடல், அங்கே பூக்கும் எலுமிச்சை மரம் என்று என்னென்னவோ சொன்னாள். அவனும் மழை, பஸ், கட்சிக்கூட்டம் என்று சொன்னான். கடிதம் என்ற சொல் வரும் முன்பே வேறு பேச்சுக்குத் தாவிவிடுவான். நாளெல்லாம் யார்யாருக்காகவோ யார்யாரிடமோ போய்க் கேட்கிறவனுக்கு, சொந்த மனைவியிடம் இதைக் கேட்க வாய் வரவில்லை.

மூன்றாவது வார முடிவில் ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள்.

"ஏங்க, ஏன் நீங்க இன்னும் என்னைக் கேக்கல?"

"எத?"

"நடிக்காதீங்க. சரோஜினியக்கா எல்லாம் சொல்லிட்டாங்க. இன்னிக்குக் கேப்பாரு, நாளைக்குக் கேப்பாருன்னு நானும் ரெண்டு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன்."

அவன் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். "மனசு வரல நிசா. அந்த வேலையில உன் பேரு இருக்குற வரைக்கும் நீ லீவுலதான் போயிருக்க. இல்லாட்டி..." படியில் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். "இல்லாட்டி நீ சும்மா போனவ மாதிரி ஆயிரும்."

அவள் பால்கனிக் கதவைத் திறக்கும் சத்தம் வந்தது. தூரத்தில் ஒரு கார் ஹோர்ன் கேட்டது.

"எனக்கும் அப்படித்தாங்க. இங்க யாராச்சும் ஊருல என்ன வேலைன்னு கேட்டா, கவர்மென்ட் மிட்வைஃப்னு சொல்லுவேன். லீவுல வந்திருக்கேன்னு சொல்லுவேன். அதைச் சொல்லும்போதுதான் முதுகு நிமிருது." மூக்கை உறிஞ்சினாள். "சிவப்புல நின்னது யாரு யாரு புள்ள?"

"ஒண்ணு மேட்டு லயத்து வீட்டு விஜிதாவோட சின்னவ. இன்னொண்ணு மேற்பிரிவுல, புதுசா வந்த குடும்பம், உனக்குத் தெரியாது."

"விஜிதாவா? அவ மூத்தது வயித்துல இருக்கையில அவளுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. ஒவ்வொரு வாரமும் ஏறிப் போயிப் பாப்பேன். போற நேரமெல்லாம் ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுத்துட்டு, மாத்திரையை முழுங்கிட்டேன்னு பொய் சொல்லுவா." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எனக்கு ரெண்டு நாள் குடுங்க."

அந்த இரண்டு நாளும் அவள் பேசவில்லை. ஐந்தரை மணி வந்து போனது. கமலதாசன் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தான். அவள் மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று ஒரு மனம் வேண்டியது. அப்படிச் சொன்னால் விஜிதாவின் முகத்தில் எப்படி விழிப்பது என்று இன்னொரு மனம் கேட்டது. அலுமாரியைத் திறந்தான். அவளுடைய வெள்ளைச் சீருடைகள் இரண்டு மடித்தபடி இருந்தன. மூடிவிட்டான்.

மூன்றாம் நாள் காலையில் ஒரு படம் வந்தது. கோடு போட்ட தாளில், அவளுடைய சாய்வான எழுத்தில், விலகல் கடிதம். கீழே ஒரு வரி தட்டியிருந்தாள்: "தபால்ல போட்டுட்டேன். நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

தபால் வர பதினேழு நாள் பிடித்தது. கடித உறையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பதுளை பஸ்ஸில் ஏறினான். வழியெல்லாம் கையை அதன்மேல் வைத்தபடியே இருந்தான். பக்கத்தில் இருந்தவர் நெஞ்சுவலியா என்று கேட்டார்.

தர்மராசா கடிதத்தை இரண்டு தரம் படித்தார். முத்திரையைக் கையில் எடுத்துவிட்டு நிறுத்தினார்.

"தம்பி, அடிக்கட்டோ?"

"அடிங்க ஐயா."

அடித்தார். மேசையைச் சுற்றி வந்து, அவனைக் கன்ரீனுக்குக் கூட்டிப்போய்த் தேநீர் வாங்கிக் கொடுத்தார்.

அதோடு முடிந்துவிடவில்லை. ஏப்ரலில் நியமனப் பட்டியல் வரவில்லை. கமலதாசன் சபையில் இன்னும் இரண்டு தடவை எழுந்தான். இந்த முறை வெற்றிடம் இல்லை என்று யாராலும் சொல்ல முடியவில்லை. விலகல் கடிதத்தின் பிரதியைத் தூக்கிக் காட்டியபோது, முன்பு சிரிக்கவைத்தவர் தலையைக் குனிந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஸல்மா தன் மேலிடத்தோடு சண்டை பிடித்து இரண்டு மாத அவகாசம் வாங்கினாள். "என்ட வேலை போனா உங்கட கட்சியில ஒரு இடம் தாங்க அண்ணே" என்றாள். ஜூன் நடுப்பகுதியில் ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்து இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி சின்னமலைக்கு வந்து சேர்ந்தாள்.

சத்துணவுத் திட்டத்தைச் சபைத் தலைவர் வந்து திறந்துவைத்தார். நாடா வெட்டினார், படம் எடுத்தார்கள், ஆளுங்கட்சியின் பெரும் முயற்சி என்று பேசினார். கமலதாசனை மேடைக்கு அழைக்கவில்லை. அவனுக்கு அதில் பெரிய கவலை இருக்கவில்லை. பின்னால் பிள்ளைக்காம்பராவில், புது மிஸ்ஸி தராசைத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். அழுகிற பிள்ளைகளைத் தூக்கித் தராசுத் தொட்டிலில் வைக்க ஆள் தேவைப்பட்டது. அவன் அதைச் செய்தான். அவள் நிறையைச் சொல்லிக் கார்டில் புள்ளி வைக்கும்போதெல்லாம் அவனும் ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டான்.

"எதுக்குங்க சேர் எழுதுறீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"ஒருத்தருக்குச் சொல்லணும்."

ஆகஸ்ட் மாத நிறுவைக்குப் பிறகு, அன்று மாலை, தாளைப் பார்த்து ஒவ்வொன்றாக வாசித்தான். நிசாந்தினி ஒவ்வொரு பெயரையும் திருப்பிச் சொன்னாள். விஜிதாவின் மகளுக்கு வந்ததும், "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள்.

"எட்டுக் கிலோ தொளாயிரம். ஜூன்ல இருந்ததுக்கு இப்ப எழுநூறு கிராம் கூட."

"புது மிஸ்ஸி வீடு வீடாப் போறாளா? இல்ல காம்பராவுக்கு மட்டும்தானா?"

"போறா. மேட்டு லயத்துக்கும் ஏறிப் போறா."

"நல்ல புள்ளதான்." பிறகு, "எம் பேரு போட்ட அந்தப் பழைய ரெஜிஸ்டர் என்ன ஆச்சு?"

"பதுளைக்கு அனுப்பிட்டாங்க."

"ம்."

வாசலுக்கு எதிரே மலையில் மூடுபனி இறங்கத் தொடங்கியிருந்தது. அவன் தொலைபேசியை மறு காதுக்கு மாற்றினான். "அடுத்த வருஷம் ஒக்டோபர்ல கான்ட்ராக்ட் முடியுதுல்ல?"

"முடியுது. கிழவியோட மக இன்னும் ரெண்டு வருஷம் இருந்து பாருங்குறா. ஊருல எனக்கு வேலையில்லன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல." அவள் குரல் இறங்கியது. "ஊருக்கெல்லாம் கேக்குறீங்க. சபையில கேக்குறீங்க, பதுளையில கேக்குறீங்க, வெள்ளக்காரங்ககிட்டகூட எழுதிக் கேக்குறீங்க. உங்களுக்குன்னு எங்கிட்ட ஒண்ணு கேட்டிருக்கீங்களா?"

கமலதாசன் எழுந்து நின்றான்.

"வந்திரு நிசா" என்றான். "வேலை இல்லாட்டியும் வந்திரு. கூரை போட்டு வச்சிருக்கேன், நீ இல்லாம அந்த வீட்டுக்குள்ள இருக்க முடியல."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். அதற்குள் உள்ளறையிலிருந்து கிழவி கூப்பிடும் மெலிந்த குரல் எழுந்தது.

"எர்கோமே" என்று நிசாந்தினி சத்தமாகப் பதில் கொடுத்தாள். தினமும் கேட்டுக் கேட்டு அந்த ஒரு கிரேக்கச் சொல்லின் அர்த்தம் அவனுக்கும் தெரிந்திருந்தது. வருகிறேன். கிழவிக்குச் சொன்னதுதான். அழைப்பு அறுந்த பிறகும் அவன் தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.